கழற்றி மாட்டும் குளியலறைச் சுவர்: மூன்றாவது முயற்சியில் கைகூடியது

அம்மாவுக்கு முட்டிவலி அதிகமானபோது, கொல்லைக்கோடியில் இருந்த பழைய குளியலறைக்கு நடக்க வேண்டாம் என்று படுக்கையறைக்கு ஒட்டினாற்போல ஒரு ரெடிமேடு பாத்ரூம் வாங்கி வைத்தோம். 1,500 மிமீக்கு 1,200 மிமீ, உயரம் 2,150. இரும்புச் சதுரக் குழாயில் சட்டம், நடுவில் ஃபோம் வைத்த சாண்ட்விச் பலகைச் சுவர், கீழே தரையாக ஃபைபர் தட்டு, மேலே பிவிசி கூரை. லாரியில் வந்து இறங்கி ஒரே நாளில் குழாய் இணைப்பு முடிந்து அன்று சாயங்காலமே அம்மா குளித்தார்கள். திருச்சியில் எங்கள் தெருவில் அதுதான் முதல் ரெடிமேடு பாத்ரூம்.

ஒன்றை மட்டும் அன்று யோசிக்கவில்லை. குழாய்கள் ஓடுகிற பின்சுவர் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. நடுவில் நான்கு அங்குல இடைவெளி, கை நுழையும், ஸ்பானர் திரும்பாது. உள்பக்கமோ ரிவெட் அடித்து சிலிக்கான் தடவி மூடிய சுவர்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கார்த்திகை மாதத்தில் அம்மா சொன்னார்கள்: "சுவத்துக்குள்ள சொட்டு சொட்டுன்னு சத்தம் கேக்குதுப்பா." மழைக்காலம் என்பதால் கூரை ஒழுகுகிறது என்று முடிவுகட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கூரைக்கு மேல் செலவழித்தேன். அது முதல் தப்பு. மூன்றாவது வாரம், நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே, பாத்ரூமுக்குப் போகும் கேட் வால்வை மூடிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் சொட்டு நின்றது, மழை நிற்கவில்லை. ஒழுகுவது குழாய்தான் என்று தெரிந்துவிட்டது.

கட்டிங் மெஷினில் மெல்லிய பிளேடு போட்டுச் சுவரைச் சதுரமாக அறுத்தேன். உள்ளே இருந்த ஃபோம், தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. வெந்நீர் லைனில், சிபிவிசி குழாய் பித்தளை மரையோடு சேரும் எஃப்டிஏ என்ற இணைப்பின் கழுத்தில் முடி போல ஒரு விரிசல். பிளம்பர் அண்ணன் இருபது நிமிடத்தில் மாற்றிவிட்டார். சுவரை அறுத்து எடுக்கத்தான் எனக்கு அரைநாள் பிடித்தது.

அறுத்த சாண்ட்விச் பலகையைத் திரும்ப வைக்க மனமில்லை. அறுபட்ட விளிம்பு வழியாக ஃபோம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பின்சுவரை முழுதாக எடுத்துவிட்டு 18 மிமீ பிவிசி ஃபோம் போர்டில் மூன்று பலகைகளாகப் பிரித்துப் போடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு ஓரங்களிலும் நிலையான பலகைகள், நடுவில் 600 மிமீ அகலத்தில் கழற்றக்கூடியது. குழாய்கள் எல்லாம் நடுப் பலகைக்குப் பின்னால்தான். திட்டம் சரிதான். மூன்று பலகைகளையும் எப்படி இணைப்பது என்பதில்தான் ஏழு மாதம் போனது.

முதலில் கடைக்காரர் சொன்ன எச் பீடிங்கையே, அதாவது ஆங்கில H எழுத்து வடிவ இணைப்புப் பட்டையையே போட்டேன். பலகையின் விளிம்பு இரண்டு பக்கமும் பீடிங்குக்குள் நுழைந்து உட்காரும், பார்க்க நன்றாக இருக்கும். நுழைத்து, வெளி ஓரத்தில் சிலிக்கான் இழுத்தேன். இதில் இரண்டு கோளாறுகள். எச் பீடிங்கில் இருக்கும் பலகையை வெளியே எடுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், ஆனால் நகர இடமே கிடையாது. கழற்றக்கூடிய சுவர் என்று சொல்லிக்கொண்டு கழற்றவே முடியாத ஒன்றைக் கட்டியிருக்கிறேன் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. இரண்டாவது வெயில். சித்திரையில் சிலிக்கான் ஓரம் ஓரமாகப் பிய்ந்து வந்தது. ஏன் என்று பார்க்க ஒரு நாள் காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் பலகையை அளந்தேன். 2,060 மிமீ பலகை ஏறத்தாழ 3 மிமீ நீண்டிருந்தது. இரும்புச் சட்டம் அந்த அளவுக்கு நீளாது, பிவிசி இரும்பைப் போல நான்கைந்து மடங்கு விரியும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நான் இழுத்த சிலிக்கான் அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்?

நான் வாங்கிய சிலிக்கான் வேறு விலை குறைந்த அசிட்டிக் வகை. தடவியதும் வினிகர் மாதிரி புளிச்ச வாடை வந்தது. காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிற வாடைதான் அது. பின்னால் கழற்றிப் பார்த்தபோது சிலிக்கான் பட்ட இடத்தில் எல்லாம் சட்டத்தின் துத்தநாகப் பூச்சு வெளுத்து, கீழே செந்துரு பிடித்திருந்தது. இரும்பின் பக்கத்தில் போடுவதானால் நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். டியூபுக்கு நூறு நூற்றைம்பது ரூபாய் கூட ஆகும், பரவாயில்லை.

ஆனியில் ஷவர் எல்போ ஒழுகியது. நடுப் பலகையைக் கழற்றப் போய் அது பீடிங் ஓரத்தில் ஒடிந்தது.

இரண்டாவது முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையின் முகத்திலேயே 300 மிமீக்கு ஒன்றாகத் திருகு போட்டு, பின்னால் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினேன். திருகுக்குத் திருகு நடுவில் பலகை லேசாகப் புடைத்தது. ஸ்பாஞ்ச் நான் நினைத்தபடி தண்ணீரைத் தடுக்கவில்லை, உறிஞ்சி வைத்துக்கொண்டது. பத்து நாளில் நாற்றம். இரண்டு விரலால் பிழிந்தபோது சோப்புத் தண்ணீர் வழிந்தது. கடையில் ஸ்பாஞ்ச் என்று கேட்டால் திறந்த துளையுள்ளதைத்தான் கொடுப்பார்கள். வேண்டியது மூடிய துளை உள்ள ஈபிடிஎம் ரப்பர். கார் கதவு பீடிங் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு துண்டு வாங்கித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் மச்சானிடம் பேசினேன். அவர் சிங்கப்பூரில் இந்த மாதிரி பாத்ரூம் தயாரிக்கும் இடத்தில் ஃபிட்டர். அங்கே 2014 நவம்பர் முதல் அரசு விற்கும் நிலத்தில் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தொழிற்சாலையில் செய்த குளியலறைதான் வைக்க வேண்டும் என்று விதி. முழு அறையாகச் செய்து, டைல்ஸ் ஒட்டி, கிரேனில் தூக்கி வைக்கிறார்கள். வீடியோ காலில் என் சுவரைக் காட்டினேன். அப்போது, பிரிட்ஜ் கதவு மாதிரி நான்கு பக்கமும் ரப்பர் ஓட்டி நடுப் பலகையை அழுத்தி வைத்திருந்தேன். மூன்றாவது முயற்சியின் ஆரம்பம் அது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மாப்ளே, நாலு பக்கமும் ஏன் அடைக்கிறீங்க? கீழ தொறந்து விடுங்க. உள்ள போன தண்ணி எப்படி வெளிய வரும்?" என்றார்.

எனக்கு அங்கேதான் விளங்கியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது என்று இதுவரை போராடிக்கொண்டிருந்தேன். போகட்டும், ஆனால் போனது தட்டுக்கே திரும்பி வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறைகிறது. நம் ஓட்டு வீடுகளில் ஓட்டுக்கு நடுவே யார் பசை தடவினார்கள்? மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் போதும், தண்ணீர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். ஜப்பானில் வீடுகளுக்கு வரும் யூனிட் பாத் என்ற ரெடிமேடு குளியலறைச் சுவர்களிலும் சிலிக்கான் மாதிரி பேஸ்ட் போடாமல் ரப்பரை மட்டும் செருகி இணைக்கும் முறை இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காகக் கட்டிய நியூ ஒட்டானி ஹோட்டலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளியலறைகளை இப்படித் தொழிற்சாலையில் செய்து வைத்தார்கள் என்றால், இது அவர்களுக்கு எத்தனை கால அனுபவம் பாருங்கள்.

சரி, மூன்றாவது முயற்சி. இதை வரிசையாகச் சொல்கிறேன்.

நடுப் பலகையின் இரண்டு பக்கமும் பின்னால் 50 மிமீ சதுரக் குழாய் தூண் நிற்கிறது. அந்தத் தூணின் முகத்தில் 50 மிமீ அகலத்துக்கு ஒரு அலுமினியத் தகட்டுப் பட்டை வைத்தேன். இரண்டு ஓரமும் 3 மிமீ மடித்தது, அதாவது செங்குத்தாக நிற்கும் ஒரு சின்ன வாய்க்கால். அதன் அடிமுனையை முன்னால் வளைத்து, ஃபைபர் தட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே 15 மிமீ இறங்கும்படி விட்டேன். இந்த வளைவுதான் முழு வேலைக்கும் உயிர். பலகைகளுக்கு நடுவில் புகும் தண்ணீர் பட்டையில் வழிந்து, இந்த மூக்கு வழியாகத் தட்டுக்குள் விழும். மூக்கை முதலில் கையால் வளைத்தேன், மடிப்பில் விரிசல் விட்டது. துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் நண்பர் மடிப்பு மெஷினில் இரண்டே நிமிடத்தில் வளைத்துக் கொடுத்தார்.

பலகையின் அடி விளிம்பும் தட்டு விளிம்புக்கு உள்பக்கமாக 25 மிமீ இறங்கி நிற்கிறது. தட்டின் தளத்தில் படாமல், நடுவில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நிலையான ஓரப் பலகை தூணின் முகத்தில் 22 மிமீ ஏறுகிறது, நடுப் பலகை 22 மிமீ ஏறுகிறது, நடுவில் 6 மிமீ வெற்றிடம். ஓரப் பலகைகளை நியூட்ரல் சிலிக்கான் போட்டு ஒட்டிவிட்டேன், அவற்றைக் கழற்றப் போவதில்லை. நடுப் பலகை உட்காரும் இடத்தில் மட்டும் உள்ளே பொள்ளலான, ஆங்கில D எழுத்து வடிவ ஈபிடிஎம் ரப்பர், 8 மிமீ உயரம். இடது தூணில் கீழிருந்து மேலே ஏறி, தலைப்பக்கம் குறுக்கே ஓடி, வலது தூணில் இறங்குகிறது. ஒரே துண்டு, எங்கும் வெட்டு இல்லை. மூலையில் 45 டிகிரி வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டு வழியாகத்தான் முதலில் கசியும். அதனால் ஒரு வளையல் அளவுக்கு வளைத்துத் திருப்பினேன். கீழே ரப்பரே இல்லை, திறந்த பாதை. ஒட்டும் முன் பட்டையைத் தின்னரில் துடைத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் ரப்பர் உரிந்து தொங்கும்.

பலகையைத் தாங்க இசட் பட்டை. சட்டத்தின் குறுக்குக் குழாயில் கொக்கி மேல் நோக்கி ஒன்று, பலகையின் முதுகில் கொக்கி கீழ் நோக்கி ஒன்று. 400 மிமீ உயரத்தில் ஒரு ஜோடி, 1,700 மிமீ உயரத்தில் ஒரு ஜோடி. பலகையைத் தூக்கி மாட்டி இறக்கினால் தானாகத் தொங்கும். வீட்டுத் தராசில் 12 கிலோ காட்டியது, ஒரு ஆள் தூக்கலாம். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் கொக்கியில் நகர்ந்துகொள்ளும், எதுவும் பிய்யாது.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கினேன்.

ஒன்று, கொக்கியின் ஆழம் 12 மிமீ. அப்படியானால் கழற்றும்போது பலகையை 12 மிமீ தூக்கியாக வேண்டும். நானோ கூரைக்கும் பலகைக்கும் நடுவில் 3 மிமீதான் விட்டிருந்தேன். மாட்டவே முடியவில்லை. தலைப்பக்கம் 14 மிமீ அறுத்தெடுத்தேன். அந்த 17 மிமீ இடைவெளியை மறைக்க பிவிசி எல் பீடிங், மூன்று சின்னத் திருகு.

இரண்டாவது, குழாய் ஓட்டைகள். டைவர்ட்டருக்கும் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) ஷவருக்கும் கீழ்க் குழாய்க்கும் மூன்று அரை அங்குல நிப்பிள் (மரை போட்ட குட்டைக் குழாய்) பலகை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பலகை 12 மிமீ எழும்ப வேண்டும் என்றால் ஓட்டை வட்டமாக இருக்க முடியாது, நீள்வட்டமாக வேண்டும். சரி என்று அரத்தை எடுத்து மூன்று ஓட்டைகளையும் மேல் பக்கமாக அராவினேன். அரைமணி நேர வேலை. மாட்டிப் பார்த்தால் பலகை அசையவில்லை. பலகை மேலே போகும்போது ஓட்டையும் கூடவே மேலே போகிறது, குழாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால் இடம் தேவைப்படுவது குழாய்க்குக் கீழே. மறுபடி கீழ் பக்கம் அராவினேன். இரண்டு பக்கமும் பெரிதாகிவிட்டதால் ஓட்டையை மறைக்கும் பழைய 60 மிமீ வட்டத் தகடு (ஃபிளாஞ்ச்) மூடவில்லை, 75 மிமீ வாங்க வேண்டியதாயிற்று. ஃபிளாஞ்சுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, ரப்பரின் அழுத்தம். கொக்கி ஜோடியை அப்படியே வைத்தபோது பலகைக்கும் பட்டைக்கும் நடுவில் 4 மிமீதான் இருந்தது. 8 மிமீ ரப்பர் பாதியாக நசுங்க வேண்டும். முழங்காலை வைத்து அழுத்தினாலும் கொக்கி விழவில்லை. ஒரு மில்லிமீட்டர் நைலான் வாஷர் இரண்டு கொடுத்து 6 மிமீ ஆக்கினேன். அப்போது பலகை "டக்" என்று இறங்கியது. இந்த இடைவெளியை வெர்னியரில் நாலு மூலையிலும் அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். என் தூண்களில் ஒன்று கீழே 1 மிமீ உள்வாங்கியிருந்தது, அங்கே இன்னொரு வாஷர்.

பலகையின் கீழ்ப்பக்கம் ஆடாமல் இருக்க, இரண்டு எம்5 எஸ்எஸ் திருகுகள். சட்டத்தின் குழாய்ச் சுவர் மெல்லியது, மரை நிற்காது. அதனால் ரிவெட் நட், அதாவது ஓட்டையில் வைத்து இறுக்கினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும் நட். அதற்கான கருவி 1,250 ரூபாய் என்றபோது யோசித்தேன், ஆனால் இந்த வேலையில் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். கடைசியாக, பலகைகளுக்கு நடுவில் இருந்த 6 மிமீ இடைவெளிகளில் ஆங்கில T எழுத்து வடிவ ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திச் செருகினேன். நகத்தால் முனையைக் கிளப்பி இழுத்தால் முழுதாக வந்துவிடும்.

சோதனைக்கு அம்மாவின் கோலப்பொடி உதவியது. பலகையை மாட்டும் முன், அதற்குப் பின்னால் தரையில் இருக்கும் சிமெண்ட் மேடையில் காய்ந்த கோலப்பொடியை மெல்லியதாகச் சலித்துவிட்டேன். அப்புறம் அரைமணி நேரம் ஹோஸ் வைத்து இணைப்புகள் மேல் பீய்ச்சினேன், ஷவரையும் முழுதாகத் திறந்துவிட்டேன். நான்கு பக்கமும் ரப்பர் ஓட்டியிருந்தபோது இதே சோதனையில் பொடி முழுக்கக் குழைந்து போயிருந்தது. கீழ் ரப்பரை எடுத்த பிறகு இடது ஓரத்தில் மூன்றே மூன்று புள்ளிகள், அரிசி அளவு. மேலே தேடிக்கொண்டு போனேன். வாய்க்கால் பட்டையை ரிவெட் அடித்த ஓர் ஓட்டை. அதன் தலையில் ஒரு பொட்டு சிலிக்கான் வைத்தேன். மறுநாள் சோதனையில் பொடி பொடியாகவே இருந்தது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஃபோம் போர்டு ஒரு ஷீட் 3,400, இசட் பட்டைகள் 640, தகட்டுப் பட்டையும் மடிப்புக் கூலியும் 450, ஈபிடிஎம் ரப்பர் 10 மீட்டர் 400, T வடிவ ரப்பர் 150, ரிவெட் நட் கருவி 1,250, நட்டும் திருகும் 210, ஃபிளாஞ்ச் மூன்று 330, நியூட்ரல் சிலிக்கான் இரண்டு டியூப் 580. கூட்டினால் 7,410. முதல் இரண்டு முயற்சிகளில் வீணானது எச் பீடிங் 560, அசிட்டிக் சிலிக்கான் 480, ஸ்பாஞ்ச் 180, ஆக 1,220. ஒடிந்த பலகையை இதில் சேர்க்கவில்லை, அது இப்போது கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்கு மறைப்பாக நிற்கிறது.

மாட்டி ஐந்து மாதமாகிறது. மாதத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்கிறேன், கழற்ற ஏழு நிமிடம், மாட்டப் பத்து. உள்ளே காய்ந்திருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் ரப்பரின் முதுகில் வெள்ளையாகப் படிகிறது. விட்டுவிட்டால் கெட்டியாகி ரப்பர் சரியாகப் பொருந்தாது. எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் துடைத்துவிடுகிறேன்.

இன்னொரு தடவை செய்தால் வாய்க்கால் பட்டையை அலுமினியத்தில் செய்ய மாட்டேன். வீட்டில் பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. தட்டுக்குள் நீட்டியிருக்கும் மூக்கு இப்போதே பொரிந்து சொரசொரப்பாகிவிட்டது. எஸ்எஸ் தகடுகூட அந்த ஆசிட்டுக்கு முழுதாகத் தாங்காது, ஃபைபரில் வார்த்துவிடுவதுதான் சரி என்று படுகிறது. அதுவரை ஆசிட் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். நடுப் பலகையின் அகலத்தையும் 600லிருந்து 450 ஆக்குவேன். எனக்கு 12 கிலோ பெரிதில்லை, ஆனால் குறுகலான அறைக்குள் அந்த அகலத்தைத் திருப்புவதுதான் கஷ்டம். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இந்த வேலையே தேவைப்படக் கூடாது. முன்பணம் கொடுக்கும் முன்பே, "குழாய் ஒழுகினால் எந்தப் பலகையைக் கழற்ற வேண்டும், கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

போன வாரம் நான் சென்னையில் இருந்தபோது டைவர்ட்டர் ஸ்பிண்டில் இறுகிவிட்டது என்று அம்மா பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட் வால்வுக்குப் பக்கத்தில் நான் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்து அவரே கழற்றி, மாற்றி, திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஊருக்கு வந்ததும் அம்மா ஒரு டிபன் டப்பா மூடியை நீட்டினார்கள். அதில் ஒரு நைலான் வாஷர்.

"இது ஒண்ணு மீந்துபோச்சுப்பா. எங்க போடணும்?"

கீழ்த் திருகுகளில் இடது பக்கத்தது. போட்டுவிட்டேன்.